அரை மாத்திரை

ராத்திரி இரண்டு நாற்பதுக்கு மேற்கு மாம்பலத்தில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று என்னைக் கேளுங்கள். மனப்பாடமாகச் சொல்வேன். எதிர் ஃபிளாட் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும். ஒரு நாய் குரைக்கும். நாலு தெரு தள்ளி இன்னொரு நாய் அதற்கு யோசித்துப் பதில் சொல்லும். மூன்றே காலுக்குப் பால் வண்டி. நாலரைக்குப் பேப்பர் பையன். மூன்று வருஷம் இந்தப் பட்டியலைத் தினமும் சரிபார்த்திருக்கிறேன். படுக்கையில், கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு.

ஆரம்பம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2015 கடைசியில் அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவும் தம்பியும் கூட இருந்தார்கள். நான் சென்னையில் வாரத்துக்கு ஐந்து நாள் ஆபீஸ், இரண்டு நாள் பஸ். செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தூக்கத்திலும் ஒரு காதைத் திறந்து வைத்திருப்பேன். கடைசியில் ஜனவரியில் ஒரு ராத்திரி அந்த போன் வந்தது. மணி இரண்டு நாற்பது.

காரியங்கள் முடிந்து சென்னை திரும்பிய முதல் ராத்திரி, போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுத்தேன். இனிமேல் யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் விழிப்பு வந்தது. எழுந்து மணி பார்த்தேன். இரண்டு நாற்பது.

துக்கத்துக்கும் தூக்கத்துக்கும் குறில் நெடில் வித்தியாசம்தான். ஒன்று வந்தால் மற்றது போவது இயல்பு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆறு மாசத்தில் துக்கம் கொஞ்சம் ஆறியது. தூக்கம் திரும்பி வரவில்லை.

விட்டதைப் பிடிக்க வேண்டாமா? பதினொன்றுக்குப் படுக்கிறவன் ஒன்பதரைக்கே விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் புரண்டேன். நடு ராத்திரி விழித்ததும் கணக்குப் போடுவேன்: ‘இப்போ தூங்கினாக்கூட நாலு மணி நேரம் கிடைக்கும்.’ அரை மணி கழித்து, ‘சரி, மூணரை.’ பரீட்சைக்கு நேரம் குறைந்துகொண்டே வருகிற மாதிரி. சாயங்காலம் ஆறு மணிக்கே வயிற்றில் ஒரு பயம் உட்கார்ந்துவிடும். இன்னிக்கு ராத்திரியை எப்படித் தள்ளப் போகிறேன்?

வேடிக்கை என்னவென்றால், சோபாவில் டிவி பார்த்துக்கொண்டே தலை தொங்கத் தூங்கிவிடுவேன். “உள்ள போய் ஒழுங்காப் படுங்களேன்” என்று மனைவி எழுப்புவாள். உள்ளே போய்த் தலையணையில் தலை வைத்த மாத்திரத்தில் ஸ்விட்ச் போட்ட மாதிரி மூளை எரிய ஆரம்பிக்கும்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. பாலில் ஜாதிக்காயை இழைத்துக் குடி என்றார்கள். கசகசா என்றார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டதில் பாத்ரூமில் வழுக்கி விழாமல் தப்பியது அப்பா புண்ணியம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். மனைவி மட்டும் தன் கட்சியை விடவில்லை: “ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்னு சொல்றீங்க. நீங்க விட்ட குறட்டையில நான்தான் தூங்கலை!” எனக்குக் கோபமாக வரும். அவள் சொன்னதில் பாதி உண்மை என்று பின்னால்தான் தெரிந்தது.

ஆபீஸில் ஒரு நண்பர் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்துக் கொடுத்தார். அல்பிரசோலம், 0.25. “அரை போடுங்க சார். ஒண்ணும் பண்ணாது.”

அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், செத்துப் பிழைத்த மாதிரி. அரை மாத்திரை, மூன்று மாசத்தில் ஒன்றானது. அடுத்த வருஷம் 0.5 ஆனது. இந்த வகை மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் இவை ஹெச்-1 பட்டியலில் உள்ளன, விற்றால் கடைக்காரர் தனி நோட்டில் விவரம் எழுதிவைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெருமுனைக் கடையில் எனக்குச் சிரித்த முகத்தோடு கொடுத்தார்கள். தெரிஞ்ச சார்.

இதுவரை நடந்தது என் உடம்போடு போயிற்று. இதற்கு அப்புறம் நடந்ததை இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன்.

அப்பா போனபின் அம்மா எங்களோடு வந்துவிட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி. எட்டரைக்குப் படுக்கை. இரண்டரை, மூன்று மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல் ஹாலில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும். நான் விழித்து வெளியே வந்தால் அந்த உருவம் தெரியும்.

“தூங்கலையாம்மா?”

“முழிப்பு வந்துடுச்சுடா.”

எனக்கு நெஞ்சை அடைக்கும். பாவம், அப்பாவை நினைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வியாதி. என்னிடம் மருந்து இருக்கிறதே!

2018 தீபாவளி முடிந்த வாரம் அம்மாவுக்கு அரை மாத்திரை கொடுத்தேன். “எதுக்குடா?” என்றாள். “நல்லா அசந்து தூங்குவேம்மா” என்றேன். முதல் இரண்டு நாள் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள், பிள்ளை சொல்கிறானே என்று வாங்கி விழுங்கினாள். விடிந்து ஐந்தரைக்குத்தான் எழுந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவள் வழியிலேயே விழுந்தாள். இடது தொடை எலும்பு, இடுப்புக்குக் கீழே முறிந்துவிட்டது. அந்தச் சத்தம் என் பட்டியலில் இல்லாத சத்தம். எமர்ஜென்சியில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: “பாட்டிக்கு ராத்திரில ஏதாவது மாத்திரை கொடுக்கிறீங்களா?” மனைவி என்னைப் பார்த்தாள். சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகள் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ராத்திரி எழுந்தால் தலை தள்ளாடும், கால் நிதானம் இருக்காது. விழுந்து எலும்பு முறிகிற ஆபத்து கூடும். அதனால்தான் அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கும் ‘பியர்ஸ்’ பட்டியலில் இவை கூடுமானவரை தவிர்க்க வேண்டியவை என்று இருக்கின்றன. இதெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து நான் படித்த பாடம்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட பொது மருத்துவர்தான், “உங்க தூக்கத்துக்கும் ஒருத்தரைப் பாருங்க சார்” என்று எழுதிக் கொடுத்தார். பார்த்தால் மனநல மருத்துவர். போர்டைப் பார்த்ததும் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

ஸ்கேன் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் கதை கேட்டார். முக்கால் மணி நேரம். குறட்டை விடுவீர்களா? குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறுவதாக மனைவி சொல்லியிருக்கிறாரா? பகலில் வண்டி ஓட்டும்போது கண் அசருகிறதா? ஆமாம் என்றால் அது தூக்கத்தில் மூச்சு அடைக்கிற வியாதியாக இருக்கலாம், அதற்கு ஒரு ராத்திரி கருவிகளோடு தூங்க வைத்துப் பார்க்க வேண்டும். படுத்தால் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்து, ஆட்டினால்தான் சரியாகிறதா? அதற்கு ரத்தத்தில் இரும்புச் சத்து பார்க்க வேண்டும். விடிகாலை விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வருகிறதா? அப்படியானால் மனச்சோர்வு. தைராய்டு உண்டா? வேறு என்ன மாத்திரை? காபி எத்தனை, கடைசிக் காபி எப்போது?

“ஆறு மணிக்கு ஒரு டிகிரி காபி” என்றேன்.

“அதுல பாதி பதினொரு மணிக்கு உடம்புக்குள்ளதான் இருக்கும்” என்றார்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: வாரத்துக்கு மூன்று ராத்திரியாவது, மூன்று மாசத்துக்கு மேல், தூங்க வசதியும் நேரமும் இருந்தும் தூக்கம் வராமல், அதனால் பகல் கெட்டுப்போனால் அதற்குப் பெயர்தான் நாள்பட்ட தூக்கமின்மை. உங்களுக்கு இருக்கிறது. கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். பகல் கெட வேண்டும். ராத்திரி விழிப்பு வருவது மட்டும் வியாதி ஆகாது.

பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தார். இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார். எப்போது படுத்தேன், உத்தேசமாக எப்போது தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன். கடிகாரத்தைப் பார்க்காமல், காலையில் தோன்றுகிற மாதிரி.

நல்ல தூக்கம் என்றால் என்ன என்று 50 வயதுக்கு மேல் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கிணற்றில் கல் போட்ட மாதிரி ராத்திரி விழுந்து காலையில் மேலே வருவது என்றுதான் நானும் உங்களைப் போல நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. பாசஞ்சர் ரயில் மாதிரி. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஸ்டேஷன்கள். ராத்திரிக்கு நாலைந்து சுற்று. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவில் முடிந்துவிடும். விடியலை நெருங்க நெருங்கக் கனவு அதிகம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது எல்லாருமே ஒரு கணம் மேலே வருகிறோம், புரள்கிறோம், போர்வையை இழுத்துக்கொள்கிறோம். நன்றாகத் தூங்குகிறவனுக்கு அது ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். நான் அந்த ஸ்டேஷனில் இறங்கி மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ரயிலைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. தூங்கும்போது மூளை சும்மா கிடக்கிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அஸெரின்ஸ்கி என்ற மாணவர், தன் எட்டு வயதுப் பையன் ஆர்மண்டின் கண் ஓரத்தில் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்தார். நடு ராத்திரி பேனா தாறுமாறாக ஓடியது. பையன் விழித்துவிட்டான் என்று போய்ப் பார்த்தால், நன்றாகத் தூங்குகிறான். மூடிய இமைக்குள் கண் மட்டும் வேகமாக அலைகிறது. கனவுத் தூக்கம் உலகத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான். 1953-ல் கட்டுரை வெளிவந்தது.

அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளெய்ட்மேன் அதற்கு முன்பே, 1938-ல், ஒரு மாணவரோடு கென்டக்கியில் மாமத் குகைக்குள் 32 நாள் போய் இருந்தார். சூரியனே தெரியாத இடத்தில், நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார்கள். இளம் மாணவரின் உடம்பு ஒத்துக்கொண்டது. 43 வயதுப் பேராசிரியரின் உடம்பு, ‘எனக்கு 24 மணிதான்’ என்று பிடிவாதம் பிடித்தது. நமக்குள் இருக்கும் கடிகாரம் நாம் சொல்வதைக் கேட்பதில்லை. கிளெய்ட்மேன் 104 வயது வரை இருந்தார் என்பது கொசுறு.

இரண்டு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுபோனேன். டாக்டர் கூட்டிக் கழித்தார். படுக்கையில் இருந்தது ஒன்பது மணி நேரம். தூங்கியது ஐந்தரை. “நூத்துக்கு அறுபத்தொண்ணு” என்றார். பரீட்சையாக இருந்தால் பர்ஸ்ட் கிளாஸ். இங்கே 85-க்கு மேல் வேண்டுமாம்.

“சார், தூக்கம் பசி மாதிரி. முழிச்சிருக்க முழிச்சிருக்கத்தான் ஏறும். நீங்க பசி இல்லாம இலை முன்னாடி ஒன்பது மணி நேரம் உக்காந்திருக்கீங்க. சாப்பாட்டைப் பார்த்தாலே உங்களுக்கு பயம் வந்துடுச்சு. இலையை எடுத்துடுவோம். பசிக்கட்டும்.”

அப்பாவின் மரணம் விதைத்ததுதான். ஆனால் அதற்கு மூன்று வருஷமாகத் தண்ணீர் ஊற்றியது நான். சீக்கிரம் படுத்தது, பகலில் தூங்கியது, மணி பார்த்தது, பயந்தது எல்லாம் தூக்கம் வருவதற்காகச் செய்தவை. அவைதான் தூக்கத்தை விரட்டின. ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்கர் 1987-ல் இதை எழுதிவைத்திருக்கிறார். தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கிற காரணம் வேறு, தொடர வைக்கிற காரணம் வேறு என்று.

சிகிச்சையைக் கேட்டதும் டாக்டருக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ராத்திரி பன்னிரண்டரைக்கு முன் படுக்கையில் ஏறக் கூடாது. காலை ஆறுக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவானாலும். பகல் தூக்கம் கிடையாது. படுத்து இருபது நிமிஷம் ஆன மாதிரி தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலுக்குப் போய்விட வேண்டும். கண் சொக்கினால்தான் திரும்பி வரலாம். கட்டிலில் உட்கார்ந்து பேப்பர், போன், வீட்டுக் கணக்கு எதுவும் கூடாது. கட்டில் என்றால் தூக்கம் என்று உடம்புக்கு மறுபடி பழக்க வேண்டும். இந்தப் பாதியைச் சொன்னவர் ரிச்சர்ட் பூட்ஸின், 1972-ல். எல்லாம் சேர்த்து சிபிடி-ஐ என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

முதல் பத்து நாள் நரகம். ஆபீஸ் மீட்டிங்கில் நின்றுகொண்டே தூங்கினேன். ஸ்கூட்டரை டாக்டர் உத்தரவுப்படி வீட்டில் பூட்டிவைத்தேன். பதினோராம் நாளோ என்னவோ, பன்னிரண்டரைக்குப் படுத்தேன். அடுத்து அலாரம் அடித்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அந்தத் ‘தெரியவில்லை’யைக் கொண்டாட ஆள் இல்லாமல் மனைவியை எழுப்பிச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் வாரத்துக்குக் கால் மணியாக நேரத்தைக் கூட்டினார். இப்போது பதினொன்றே காலுக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன்.

மாத்திரையைக் கால் கால்வாசியாகக் குறைக்க ஐந்து மாசம் பிடித்தது. இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல மாசம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிடக் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். தூக்க நேரத்தைச் சுருக்குவதும் அப்படித்தான். வலிப்பு நோய் உள்ளவர்கள், ராத்திரி பஸ் ஓட்டுகிறவர்கள் தானாக ஆரம்பிக்கிற வேலை இல்லை.

நோட்டை மூடிவிட்டுக் கிளம்பும்போது டாக்டரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு நடக்கிறாள், ஆனால் தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை, மாத்திரை இல்லாமல் அவளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

“எத்தனை மணிக்குப் படுப்பாங்க?”

“எட்டரை.”

“எப்ப எழுந்துப்பாங்க?”

“ரெண்டரை, மூணு.”

“மத்தியானம்?”

“ஒரு மணி நேரம் கண் அசருவாங்க.”

“பகல்ல சோர்வா இருப்பாங்களா? விழறதுக்கு முன்னாடி?”

“சேச்சே! வீட்டிலேயே அவங்கதான் சுறுசுறுப்பு.”

“கூட்டிப் பாருங்க சார்.”

கூட்டினேன். ஏழு மணி நேரம். வயதாக ஆக உடம்புக் கடிகாரம் முன்னால் நகரும், சாயங்காலமே கண் சொருகும், விடியுமுன்னே விழிப்பு வரும், ஆழ்ந்த தூக்கம் குறையும் என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். 65 வயதுக்கு மேல் ஏழெட்டு மணி நேரம் போதும், சிலருக்கு ஐந்தாறுகூடச் சரியாக இருக்கலாம் என்று 2015-லேயே அமெரிக்காவின் தேசியத் தூக்க நிறுவனம் சொல்லியிருக்கிறது என்றார். என் காதில் பாதிதான் விழுந்தது. அம்மாவுக்கு வியாதியே இல்லை. இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்து அவள் காலை உடைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். “ராத்திரி அப்படி இருட்டுல உக்காந்திருப்பியே, அப்பாவை நினைச்சுக்கிட்டா?” என்று கேட்டேன்.

“அவரையும் நினைச்சுப்பேன். ஊர்ல மூணு மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தீனி வெச்ச உடம்புடா. சகஸ்ரநாமம் சொல்லிட்டு இருப்பேன். உங்களை எழுப்ப வேணாம்னு லைட் போட மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எனக்குத் தூக்கம் வரலைன்னு நான் எப்படா சொன்னேன்? நீதான் சொன்னே” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கையில் கம்பு. அவள் அறையிலிருந்து பாத்ரூம் வரை சுவரோரம் சின்ன விளக்குகளும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருக்கிறோம். எனக்கும் எப்போதாவது இரண்டு நாற்பதுக்கு விழிப்பு வரும். மணி பார்ப்பதில்லை; பார்க்காமலே தெரியும். எழுந்து ஹாலுக்கு வருவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

“என்னடா?”

“முழிப்பு வந்துடுச்சும்மா.”

“வந்தா வந்துட்டுப் போவுது. உக்காரு.”

உட்காருவேன். அவள் விட்ட இடத்திலிருந்து முணுமுணுக்க ஆரம்பிப்பாள். தொட்டி நிரம்பி வழியும். நாய் குரைக்கும். அடுத்த நாய் பதில் சொல்வதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.